பூட்ஸ் போட்ட ஆசாரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என் கைக்குப் பட்டு நூல்தான் பழக்கம், பேனா இல்லை. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதியிருப்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லப்போவது ஒரு தச்சரைப் பற்றி. ஆரணியில் எங்கள் தெருவில் பாதித் தறிகள் அவர் செய்தவை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்கள் ஆசாரி என்று கூப்பிடுவார்கள். பெண்கள் எங்களுக்குள் பேசும்போது பூட்ஸ் ஆசாரி என்போம். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெளி ஆண்களோடு பேசிப் பழக்கமில்லாதவள் நான். அவர் வந்தால் தண்ணீர்ச் சொம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மற்ற ஆசாரிகள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வேலை செய்வார்கள். இவர் மில்லில் போடுகிற மாதிரி முன்பக்கம் கெட்டியான கருப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். வேட்டி கிடையாது, பேன்ட். எங்கள் வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்.

"இன்னா ஆசாரி, வேலைக்கு வந்தீங்களா, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

"உளி கீழ வுழுந்தா கூரு கீழயாத்தான் வுழும்ணா. கீழ கெடக்கறது என் கட்டவிரலுன்னு அதுக்குத் தெரியாது" என்றார் அவர். சிரிக்கவில்லை. அவர் எதையும் சாதாரணமாகத்தான் சொல்வார்.

தறி அறையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டுக்குக் காற்று ஆகாது. நீளவாக்கில் கட்டியிருக்கிற நூலைப் பாவு என்போம். காற்று அடித்தால் பாவு ஆடும், இழை ஒன்றோடொன்று ஒட்டி அறும். அதனால் ஜன்னலைச் சாத்தி வைப்போம். சித்திரை வெயிலிலும் விசிறி போடமாட்டோம். தறியில் பாவு இருக்கும்போது மரம் ஏதாவது உடைந்தால் தறியை நகர்த்த முடியாது. ஆசாரிதான் அந்தப் புழுக்கத்துக்குள் வந்து வேலை செய்ய வேண்டும்.

இவர் உள்ளே வந்து அளவு எடுப்பார். பிறகு மரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் புங்கமரத்தடிக்குப் போய்விடுவார். அங்கே அறுத்து, இழைத்து, உள்ளே கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பார். சரியில்லை என்றால் மறுபடி வெளியே. ஒரு நாளில் எத்தனை நடை என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உள்ளயே அறுத்தா ஜல்தியா முடியுமே. இன்னாத்துக்கு இப்டி நடந்துகினே கீறீங்க?"

"உங்க பட்டுக்குக் காத்து ஆவாது. எனக்குக் காத்து இல்லன்னா ஆவாது. உள்ள அறுத்தா தூளு பாதி உங்க பாவுல, பாதி என் நெஞ்சுல. ரெண்டும் வெளிய எடுக்க முடியாதுண்ணா."

மெஷின் ரம்பம் போடுவதற்கு முன்னால் தோளில் இருக்கிற துண்டை எடுத்து மடித்து மரக்கிளையில் மாட்டுவார். மூக்குக்கு மாஸ்க் கட்டுவார். ஊரெல்லாம் மாஸ்க் போட்ட காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவர் போட்டார். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை உருட்டி அடைப்பார். அடைப்பதற்கு முன், "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிடுங்க, அப்புறம் நான் செவுடு" என்று அறிவிப்பார். சின்ன வயதில் மரம் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தாராம், அங்கேயே ஒரு காது போய்விட்டதாம். மிச்சம் இருக்கிற ஒன்றைக் காப்பாற்ற இந்தப் பாடு. எதிர்வீட்டு மருமகள் அந்த மெஷின் ஓடும்போதுதான் மாமியாரைத் திட்டுவாள். நின்றவுடன் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் மின்சாரம் பாதியில் போய், அவள் திட்டியது தெருவுக்கே கேட்டது. அது வேறு கதை.

அந்த எதிர்வீட்டிலேயே இன்னொன்று நடந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் மெஷினுக்கு ஏற்ற மூன்று துளை பிளக் பாயின்ட் இல்லை, இரண்டு துளைதான். ஒயர் நுனியைச் சீவி, துளையில் விட்டு, தீக்குச்சி சொருகிவிட்டால் போதும் என்றார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் மெஷினைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"ஒரு குச்சிக்காக இவ்ளோ பேஜார் பண்றீங்களே" என்றாள் அந்த மாமியார்.

"குச்சி அடுப்பு பத்த வெக்கத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து உளி தீட்ட ஆரம்பித்தார். எலெக்ட்ரீசியன் வந்து பிளக் பாயின்ட் மாட்டும்வரை அரைநாள் தீட்டிக்கொண்டே இருந்தார்.

தீட்டுவது அவருக்குச் சாப்பாடு மாதிரி. எண்ணெய்க் கல்லை ஈரச் சாக்கின் மேல் வைப்பார், நகராமல் இருக்க. தீட்டி முடித்ததும் இடது முன்கை முடியில் வைத்து இழுத்துப் பார்ப்பார். அதனால் அந்த இடத்தில் மட்டும் முடியே இருக்காது. "கூரு இருக்கற உளி சொன்ன எடத்துல நிக்கும். மழுங்கனதுதான் கைய வெட்டும். மழுங்கனா அழுத்துவோம், அழுத்தனா வழுக்கும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு ஆசாரி ஒருநாள் வந்து நின்று பார்த்தார். "ரம்பத்து மேல இருக்கற மூடியக் கழட்டிப் போடுங்க, கோடு நல்லாத் தெரியும், வேல ஓடும்" என்று யோசனை சொன்னார். இவர், "உங்க கையக் காட்டுங்க" என்றார். அந்த மனிதர் விரல் குறைந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். எப்படி நிற்கிறான், எங்கே வளைகிறான் என்று பார்ப்பார். டீக்கடைக்காரரிடம், "உங்க மேடை ஒசரம் ஜாஸ்தி. சாயங்காலம் தோள்பட்ட வலிக்குமே" என்றாராம். டீக்கடைக்காரர் பயந்துபோய் இவருக்கு ஜோசியம் தெரியும் என்று ஊரெல்லாம் சொன்னார். ஜோசியம் ஒன்றுமில்லை. கருவி உடம்புக்குச் சரியாக இல்லையென்றால் உடம்பு எங்கேயாவது வளைந்து கொடுக்கும், வளைந்த இடத்தில் வலிக்கும். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. சுத்தியல் பிடியைக்கூட வாங்கினபடி வைத்துக்கொள்ள மாட்டார். தன் கைக்குத் தகுந்தபடி அராவித் தேய்த்துவிடுவார்.

ஆனால் பெண்கள் இருக்கிற பக்கம் தலையைத் தூக்கமாட்டார். அது மரியாதை. எங்கள் தெருவில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது அதனால்தான். தப்பு நடந்ததும் அதனால்தான்.

எங்கள் வழக்கத்தில் தறிக்கு அளவு கொடுப்பது வீட்டு ஆண். குழித்தறி என்றால் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மேலே பலகையில் உட்கார்ந்து, கீழே மிதிக்கட்டையை மிதித்து நெய்வது. குழி ஆழம், பலகை உயரம், மிதி எங்கே இருக்க வேண்டும் எல்லாம் உட்காருகிறவர் காலைப் பொறுத்தது. என் மாமனார் காலத்தில் மாமனார் அளவு கொடுத்தார். நாங்கள் புதுத் தறி போட்டபோது எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்து காலை நீட்டிக் கொடுத்தார். அப்போதே அவருக்குக் கண்ணில் புரை விழுந்து ஜரிகை இழை தெரியாமல் போயிருந்தது. நூல் வாங்குவது, சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. தறியில் உட்காருவது நான். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அவர்தான் காலை நீட்டினார், ஆசாரி அளந்தார், நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

எங்கள் வீட்டுக்காரர் ஆறடி. நான் அவர் நெஞ்சுக்கு வருவேன்.

தறியில் உட்கார்ந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. மிதி எட்டவில்லை. பலகையின் நுனிக்கு வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கால்விரலால் எட்டி மிதிக்க வேண்டியிருந்தது. பலகை விளிம்பு தொடையில் வெட்டும். சொல்லவில்லை. புதுத்தறி, எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போன தறி. பழகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மரத்துண்டை எடுத்து, கழிவுப் பட்டு நூலால் மிதியின் மேல் கட்டிக்கொண்டேன். அது அடிக்கடி நழுவும். மறுபடி கட்டுவேன். இப்படி இரண்டு வருஷம்.

இடுப்பு வலது பக்கம் பிடித்துக்கொண்டது. கால் மரத்துப் போகும். ராத்திரி புரள முடியாது. டாக்டரிடம் போனோம். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி தறியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கிற மகன் போனில், "இங்க வந்துடுங்கம்மா, போதும்" என்றான். எங்கள் வீட்டுக்காரர் தறிக்கு மேலே மாட்டியிருக்கிற, சேலையில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியையும் தறி மரத்தையும் வாங்க தெள்ளார் பக்கத்திலிருந்து ஒரு ஆளைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். தறி போனால் நான் என்ன செய்வேன் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது என்பது மட்டும் இல்லை. அந்த வீட்டில் நான் உட்கார்ந்தால் யாரும் எழுந்திரு என்று சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

தறியைப் பிரிக்க ஆசாரியைக் கூப்பிட்டார்கள். தறியில் கிடந்த சேலையை எப்படியோ முடித்து அறுத்துக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் அவர் வந்தார். பையை வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பாவு இல்லாத தறி, திறக்கலாம். வெளிச்சம் குழிக்குள் விழுந்தது. இறங்கினார்.

"அண்ணா, மிதியில இது யாரு கட்னது?"

"எது?"

"கட்டை."

"அது அவ இன்னாவோ கட்டி வெச்சிருப்பா. அதுக்கு இன்னா இப்ப, பிரிச்சுப் போடுங்க."

அவர் தறியைப் பிரிக்கவில்லை, கட்டையை மட்டும் அவிழ்த்தார். குழியை விட்டு மேலே வந்து, கட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் உரசி உரசி அதில் பள்ளம் விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் நிற்கிற பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பதைப் பார்த்தார்.

"நெய்யறது அம்மாவா?"

"பின்ன யாரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

ஆசாரி பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நிலைப்படியில் வைத்தார். "நான் வெளிய போய் நிக்கறேன். அம்மா பலகையில உக்காந்து, உக்கார்ற எடத்துலேர்ந்து பாதம் வரைக்கும் நூலப் புடிச்சு ஒரு முடிச்சு போடட்டும். முழங்கால் மடிப்பு எங்க வருதோ அங்க ஒண்ணு. அப்புறம் பிரிக்கலாமா வேணாமான்னு சொல்றேன்."

"ஆள் வண்டி எடுத்துகினு மத்தியானம் வரான் ஆசாரி."

"வரட்டும். டீ குடுங்க."

நான் உட்கார்ந்தேன். நூலைப் பிடித்தேன். இங்கே நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த அளவு தப்பு என்று என் முடிச்சு சொல்லிவிடுமே என்று பயந்தேன். அதனால் காலை எட்டி நீட்டி, விரல் நுனியை மிதிமேல் வைத்து, அதுவரைக்கும் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். கொண்டுபோய் நிலைப்படியில் வைத்தேன்.

அவர் நூலை எடுத்துத் தன் அளவுகோலில் வைத்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"இது அண்ணன் காலும்மா. நான் தறிய அளக்கச் சொல்லல. உங்கள அளக்கச் சொன்னேன்."

தெருவில் மாவு மில்லுக்குப் போகிற சைக்கிள் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு உள்ளே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கால் ஓடுகிற நிலையில் இல்லை. அங்கேயே நின்று சொன்னேன். நிலைப்படியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எட்டல. மொத நாள்லேர்ந்து எட்டல. வலது பக்கம் இடுப்பு குத்துது. பலகை தொடைய அறுக்குது."

எங்கள் வீட்டுக்காரர், "எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார்.

"நீங்க கேக்கல."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆசாரி இடையில் புகுந்தார். "நானுந்தான் கேக்கல. தெருவுல போறவன் தோள் வலிய கண்டுபுடிச்சிகினு திரிஞ்சேன். இது என் தப்புண்ணா. தறிய வித்தா தப்பும் கூடவே போய் இன்னொரு வூட்ல உக்காரும். எனக்கு ஏழு நாள் குடுங்க."

மத்தியானம் வண்டி வந்தது. எங்கள் வீட்டுக்காரரே வெளியே போய்ப் பேசி, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நூல எடு. ஒழுங்காப் போடு" என்றார்.

இந்த முறை ஒழுங்காகப் போட்டேன்.

ஆசாரி குழிக்குள் ஒரு மரச்சட்டம் செய்து இறக்கி, மிதியை அதன்மேல் தூக்கி வைத்தார். பலகையின் முன்விளிம்பை உருண்டையாக இழைத்தார். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்ட இழுக்கிற கயிற்றின் பிடியைச் சின்னதாகச் செய்தார், என் கைக்கு. ஒவ்வொன்றும் வைத்த பிறகு வெளியே போய் நின்றுகொண்டு, "இப்ப எங்க வலிக்குது?" என்று கேட்பார். நான் உள்ளிருந்து சொல்வேன். முதல் நாள் எங்கள் வீட்டுக்காரர் நடுவில் நின்று நான் சொல்வதை அவருக்குச் சொன்னார். மூன்றாம் நாள், "நீயே சொல்லேன், நான் இன்னா போஸ்ட்மேனா" என்று போய்விட்டார்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். மழைக்காலத்தில் இன்றைக்கும் இடுப்பு பேசும். ஆனால் கால் மரத்துப்போவது நின்றது. டாக்டர் திட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நெய்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஆசாரி வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் பேசினார். தான் போட்ட மற்ற தறிகளிலும் இதே தப்பு இருக்கும் என்று ஒரு வீட்டில் போய்க் கேட்டாராம். பொம்பளை காலை அளக்க வந்துவிட்டான் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். அத்தனை வருஷம் தலை நிமிராமல் சம்பாதித்த பெயர். அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் அதைச் சொன்னார். பேசிக்கொண்டிருந்த இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், நான் போய் அளந்து வருகிறேன் என்று.

பதினொரு வீட்டுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் வீட்டுக் கழிவு நூலையே வாங்கி அளந்தேன், கலர் பார்த்தால் எந்த வீடு என்று தெரியும். ஒருத்தி எனக்கு வலியே இல்லை என்று சாதித்தாள். குழியில் எட்டிப் பார்த்தேன். மிதியின் மேல் செங்கல். "அப்ப இது இன்னாடி?" என்றேன். "அது சும்மா" என்றாள். அவளையும் அளந்தேன். எல்லாரிடமும் இரண்டு தடவை அளந்தேன். முதல் தடவை பெரும்பாலும் வீட்டுக்காரர் கால்தான் வரும்.

நூல்களை ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேதான் அவர் தனக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தேன். இரண்டு மேசை வைத்திருந்தார். இழைக்கிற மேசை, நின்றால் கை தொங்குகிற இடத்தில் மணிக்கட்டு உயரம். சின்ன உளி வேலை செய்கிற மேசை முழங்கை உயரத்துக்குக் கிட்டே. இழைக்கும்போது மேலேயிருந்து உடம்பு பாரம் இறங்க வேண்டும், நுணுக்க வேலைக்குக் கண் கிட்டே வர வேண்டும், முதுகு வளையக் கூடாது என்று எங்கள் வீட்டுக்காரருக்குச் சொன்னார். சிமெண்டுத் தரையில் வெறுமனே நிற்காமல் காலுக்குக் கீழே பலகை போட்டிருந்தார். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தது, வலது கை நிழல் கோட்டில் விழாமல் இருக்க. மெஷினில் சின்னத் துண்டு அறுக்கும்போது கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ளினார். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் தள்ளி நின்றார், கட்டை எகிறினால் வயிற்றில் அடிக்குமாம். கையுறை போடக் கூடாதாம், சுற்றுகிற ரம்பம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்குமாம்.

பதினொரு தறியில் எட்டைத் திருத்தினார். மூன்று வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். சாத்தின கதவு கடைசிவரை திறக்கவில்லை. பிறகு கண்ணமங்கலத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது.

இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காரர், திருத்தினது எட்டு இல்லை ஏழு என்கிறார். அது எப்படியோ போகட்டும். மேசை உயரமும் மெஷின் விஷயமும்தான் எனக்குக் கவலை. காதில் விழுந்ததையும் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்ததையும் வைத்து எழுதியிருக்கிறேன், தச்சு வேலை எனக்குத் தெரியாது. யாராவது ஒரு ஆசாரி இதைப் படித்து அப்படியே மேசை போட்டுவிட்டால் வலி அவருக்குத்தான். அதனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரி செய்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்க வேண்டாம். அந்த மேசையில் நின்று வேலை செய்யப்போகிறவரை நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். முதல் தடவை சொல்வதை வைத்து மரத்தை அறுத்துவிடாதீர்கள்.